சிவப்பு வண்டையும் பச்சை வண்டையும் திருப்பிக் குடுங்க: பாடநூல் குழுவுக்கு ஒரு டீச்சரோட திறந்த மடல்

மத்திய அரசோட பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யில பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எழுதுறவங்க, திருத்துறவங்க, எது இருக்கணும் எது போகணும்னு முடிவு பண்றவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் 16 வருஷமா ஒரு சி.பி.எஸ்.இ. ஸ்கூல்ல ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கிறேன். உங்க புத்தகத்தை வச்சுத்தான் என் பொழப்பு நடக்குது, அந்த மரியாதை எனக்கு எப்பவும் உண்டு, இதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா பத்தாவது புத்தகத்துல இருந்து பரிணாமத்தை, அதாவது உயிர்கள் தலைமுறை தலைமுறையா மாறி வந்த கதையை, எடுத்துட்டீங்களே, அது ரொம்ப நாளா மனசுல முள்ளு மாதிரி கிடக்கு. இப்போ புதுப் பாடத்திட்டத்துக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு வகுப்புக்கும் புதுசா புத்தகம் எழுதிட்டு வர்றீங்க, இந்த நேரத்துல சொல்லலேன்னா அப்புறம் சொல்லி பிரயோஜனம் இல்லைன்னுதான் உட்கார்ந்து எழுதுறேன்.

பழைய புத்தகத்துல 'ஹெரிடிட்டி அண்ட் எவல்யூஷன்'னு, அதாவது மரபும் பரிணாமமும்னு, ஒன்பதாவது பாடம். அதுல ஒரு வண்டுக்கதை வரும். பச்சைப் புதர்ல 12 சிவப்பு வண்டு இருக்கு, அதுங்க முட்டை போட்டுப் பெருகும்போது எப்படியோ ஒண்ணு மட்டும் பச்சையா பொறக்குது, காக்கா வந்து சிவப்பை எல்லாம் சுலபமா கொத்தித் தின்னுடுது, பச்சை இலைக்கு நடுவுல பச்சை வண்டு அதுக்குக் கண்ணுல படல, கொஞ்ச காலத்துல புதர் பூரா பச்சை வண்டு. அடுத்தது இன்னொரு புதர், அங்க பொறந்தது நீல வண்டு, நீலத்தாலயும் காக்காகிட்ட தப்பிக்க முடியாது, ஆனா ஒரு யானை வந்து புதரை மிதிச்சுடுது, தற்செயலா பிழைச்சது நீலம், அதனால அங்க நீலம் பெருகுது. மூணாவது புதர்ல செடிக்கு நோய் வந்து சாப்பாடு இல்லாம வண்டெல்லாம் இளைச்சுப் போகுது, செடி திரும்பத் தழைச்சா வண்டும் பழையபடி ஆயிடும், அந்த இளைப்பு பிள்ளைகளுக்குப் போகாது. அவ்வளவுதான் கதை. ஒரு பீரியட்ல போர்டுல மூணு புதர் வரைஞ்சு முடிச்சிடலாம். இயற்கைத் தேர்வு (சூழலுக்கு ஏத்தது பிழைச்சுப் பெருகுறது), தற்செயல், வாழும்போது வர்ற மாற்றத்துக்கும் பரம்பரையா வர்ற மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசம், இந்த மூணையும் இவ்வளவு லேசா சொன்ன பக்கங்களை நான் வேற எங்கயும் பார்க்கல, எழுதினவங்க கையை எடுத்துக் கும்பிடலாம்.

அந்தப் பக்கங்கள் இப்போ இல்ல. 2022-ல பாடச்சுமையைக் குறைக்கிறோம்னு பட்டியல் வெளியிட்டீங்க, அடுத்து வந்த புத்தகத்துல பாடத்தோட பேரே வெறும் 'ஹெரிடிட்டி'ன்னு ஆயிடுச்சு. வண்டுக்கதை போச்சு, புதைபடிவம் போச்சு, மனுஷனோட பரிணாமம் போச்சு, டார்வின் பத்தின பெட்டிச் செய்தியும் போச்சு. பரம்பரைக் குணம் எப்படி வருதுன்னு மெண்டல் பட்டாணிச் செடியில பண்ணின சோதனை மட்டும் மிச்சம் இருக்கு. தனிம வரிசை அட்டவணைப் பாடமும் பத்தாவதுல இருந்து போச்சு, அதுக்குத் தனியா ஒரு மடல் எழுதணும், இங்க வேண்டாம்.

2023 ஏப்ரல்ல 1,800-க்கும் மேல விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு, இது வேண்டாம், திருப்பிச் சேருங்கன்னு எழுதினாங்க. அதுக்கு வந்த பதில், பன்னிரண்டாவதுல முழுசா ஒரு பாடம் இருக்கே, வேணும்னா வெப்சைட்டுல எல்லாம் கிடைக்குதேங்கிறது. பன்னிரண்டாவதுல இருக்கிறது உண்மைதான், நான் மறுக்கல. ஆனா ஒரு டீச்சரா கேக்கிறேன், பத்தாவது முடிச்சு எத்தனை பிள்ளைங்க பயாலஜி எடுக்குதுங்கன்னு ஒரு ஸ்டாஃப் ரூம்ல வந்து உட்கார்ந்து பாருங்க. பாதிக்கு மேல காமர்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், மேத்ஸ்னு பிரிஞ்சு போயிடுதுங்க. நாளைக்கு பேங்க்ல உட்காரப் போற பொண்ணு, வக்கீல் ஆகப் போற பையன், விவசாயம் பார்க்கப் போறவன், ஐ.ஏ.எஸ். எழுதப் போறவன், இவங்க எல்லாரும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து ஒரே சயின்ஸ் படிக்கிற கடைசி வருஷம் பத்தாவதுதான். அங்க இல்லேன்னா அந்தப் பிள்ளைங்களுக்கு வாழ்க்கை முழுக்க இல்ல. மீதியை வாட்ஸ்ஆப் சொல்லிக்குடுக்கும், என்ன சொல்லிக்குடுக்கும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

சுமைன்னு சொல்றீங்க. எது சுமைன்னு ஒரு சம்பவம் சொல்றேன்.

பாடம் இருந்த காலத்துல ஒரு வருஷம் வண்டுக்கதையை முடிச்சுட்டு போர்டை அழிச்சுட்டு இருந்தேன். கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, கேள்வியே கேக்காத பொண்ணு, எழுந்து நின்னா. "மிஸ், எங்க தாத்தாவுக்கு டி.பி. வந்துச்சு. ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திட்டாரு. அப்புறம் திரும்ப வந்தப்போ அதே மாத்திரை கேக்கவே இல்லைன்னு சொன்னாங்க. அப்போ தாத்தா உடம்புல பச்சை வண்டு மட்டும் மிச்சம் இருந்துச்சா?" அப்படின்னு கேட்டா. டஸ்டர் கையிலயே இருக்கு, நான் அப்படியே நின்னுட்டேன். ஆமாம்மா, அதேதான்னு சொன்னேன். கோடிக்கணக்கான கிருமியில ஒண்ணு ரெண்டு மட்டும் மருந்தைத் தாங்குற மாதிரி தற்செயலா பொறந்திருக்கும், மருந்து காக்கா மாதிரி மத்ததை எல்லாம் கொத்திடும், முழுசா முடிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தினா மிச்சம் இருக்கிறது தாங்குறதுதான், அப்புறம் பெருகுறது அதோட பிள்ளைங்கதான், இதுக்காகத்தான் டி.பி.க்கு ஒரே மாத்திரை குடுக்காம நாலு மருந்தை ஒண்ணா சேர்த்து மாசக்கணக்குல குடுக்கிறாங்க, நாலையும் ஒரே நேரத்துல தாங்குற கிருமி பொறக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம்னு விளக்கினேன். அவ தலையை ஆட்டிட்டு உட்கார்ந்தா. உலகத்துலயே டி.பி. நோயாளிங்க அதிகமா இருக்கிற நாடு நம்ம நாடு. அந்தப் பொண்ணு இனி எந்த வீட்லயும் மாத்திரையைப் பாதியில நிறுத்த விடமாட்டா, இதை நான் நிச்சயமா சொல்வேன், ஏன்னா அவளுக்கு 'டாக்டர் சொன்னார்'ங்கிறது மட்டும் தெரியல, ஏன்னு தெரியும்.

அந்த ஏன்தான் பரிணாமம்.

கோவிட்டையே எடுத்துக்கோங்க. 2020 கடைசியில நம்ம நாட்டுல முதல்ல கண்டுபிடிச்ச டெல்டா, அப்புறம் ஒமைக்ரான், இந்தப் பேரெல்லாம் ஆறாவது படிக்கிற பிள்ளைக்குக்கூட தெரிஞ்சிருந்துச்சு, வீட்ல சாவு பார்த்த பிள்ளைங்க எத்தனை பேர் என் வகுப்புலயே இருந்தாங்க. ஏன் மிஸ் இது மாறிக்கிட்டே இருக்குன்னு ஆன்லைன் கிளாஸ்ல கேட்டாங்க. அதுக்குப் பதில் இருந்த பாடத்தை, கோவிட்டால ஏற்பட்ட சுமையைக் குறைக்கிறோம்னு எடுத்துட்டீங்க. எனக்கு இதைச் சொல்லும்போது கோவத்தைவிட வருத்தம்தான் அதிகம். பருத்தி விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் இதேதான், புழுவைக் கொல்ற விஷத்தைச் செடியே தயாரிக்கிற மாதிரி ஜீன் மாத்தின பிடி பருத்தியைத் தாங்குற இளஞ்சிவப்பு காய்ப்புழு குஜராத்துல இருக்குன்னு 2010-லயே தெரிய வந்துச்சு, விஷம் இருக்கிற செடியைத் தின்னும் சாகாத புழு எங்கிருந்து வந்துச்சுன்னு அப்பா கேட்டா அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

இப்போ குரங்கு விஷயத்துக்கு வர்றேன், வராம இருக்க முடியாது.

2018 ஜனவரியில அப்போ மத்திய மனிதவள இணை அமைச்சரா இருந்த சத்யபால் சிங், குரங்கு மனுஷனா மாறினதை யாரும் பார்த்ததில்ல, டார்வின் கொள்கை தப்பு, ஸ்கூல் காலேஜ் பாடத்துல மாத்தணும்னு பேசினார். நாட்டோட மூணு அறிவியல் அகாடமியும் சேர்ந்து, அப்படிச் சொல்றதுக்கு அறிவியல்ல எந்த ஆதாரமும் இல்லைன்னு அறிக்கை விட்டாங்க. அமைச்சர் சொன்னதுக்காகத்தான் நீங்க பாடத்தை எடுத்தீங்கன்னு நான் சொல்லல, எனக்கு அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனா அவர் கேட்ட அதே கேள்வியை என் வகுப்புல ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை கேக்குது, "குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா இப்போ இருக்கிற குரங்கு ஏன் மனுஷனா மாறல மிஸ்?" ரொம்ப நியாயமான கேள்வி. நான் சொல்ற பதில் இதுதான். குரங்கு நமக்குத் தாத்தா இல்ல, பங்காளி. உன் சித்தப்பா பையன் உனக்கு அப்பா ஆக முடியுமா? ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர், அவ்வளவுதான். சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இருந்து சுமார் 60, 70 லட்சம் வருஷம் ஆச்சு, அதுங்க ஒரு வழியா வந்துச்சு, நாம ஒரு வழியா வந்தோம். பங்காளின்னு சொன்னதும் வகுப்பே சிரிக்கும், ஆனா அதுக்கப்புறம் ஒருத்தரும் மறக்கமாட்டாங்க.

சரி, பங்காளின்னு எப்படித் தெரியும்? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பரீட்சை பேப்பர் திருத்தும்போது ரெண்டு பேர் சரியான விடை எழுதியிருந்தா காப்பின்னு சொல்லமுடியாது, படிச்சிருப்பாங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே இடத்துல ஒரே தப்பை, அதே எழுத்துப்பிழையோட எழுதியிருந்தா? எல்லா டீச்சருக்கும் தெரியும், ரெண்டும் ஒரே இடத்துல இருந்து வந்ததுன்னு. நாய், மாடு, ஆடு எல்லாம் வைட்டமின் சியை உடம்புலயே தயாரிச்சுக்கும், அதுக்கு ஒரு ஜீன் இருக்கு. நமக்கும் அந்த ஜீன் இருக்கு, ஆனா உடைஞ்சு கிடக்கு, அதனாலதான் நெல்லிக்காயும் எலுமிச்சையும் தேவைப்படுது. சிம்பன்சிக்கும் அதே ஜீன், அதே மாதிரி உடைஞ்சு கிடக்கு. கினி பன்றிக்கும் அந்த ஜீன் வேலை செய்யாது, ஆனா அது உடைஞ்ச விதம் வேற, அதாவது அது தனியா உட்கார்ந்து தப்பு பண்ணின பிள்ளை. இதைச் சொன்னதும் வகுப்புல ஒரு அமைதி வரும் பாருங்க, அந்த அமைதிக்காகத்தான் நான் இந்த வேலையில இருக்கேன்.

அப்புறம் இந்த 'தியரி'ங்கிற வார்த்தை. வெறும் தியரிதானேன்னு பெற்றோர் மீட்டிங்ல ஒருத்தர் சொன்னார். பேச்சுவழக்குல தியரின்னா யூகம். சயின்ஸ்ல அப்படி இல்ல, தப்புன்னா மாட்டிக்கிற மாதிரி தன்னை வெளிப்படையா நிறுத்தி, நூறு தடவை சோதிச்சும் மாட்டாம நிக்கிற விளக்கத்துக்குத்தான் அங்க அந்தப் பேரு. பரிணாமம் தப்புன்னு நிரூபிக்க என்ன வேணும்னு கேட்டதுக்கு, ஆதிகாலப் பாறையில ஒரு முயல் எலும்பு கிடைச்சா போதும்னு ஹால்டேன்ங்கிற உயிரியல் விஞ்ஞானி சொன்னதா சொல்வாங்க. மீனே தோன்றாத காலத்துப் பாறையில முயல் எலும்பு. இவ்வளவு தோண்டியும் அந்த முயல் இன்னும் கிடைக்கல. அந்த ஹால்டேன் 1957-ல நம்ம நாட்டுக்கே வந்து, குடியுரிமை வாங்கி, 1964-ல புவனேஸ்வர்ல இறந்தவர், இதுவும் பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

சில பேர் சமாதானமா ஒண்ணு சொல்றாங்க, ஏன் சண்டை, டார்வினையும் சொல்லுங்க, கடவுள் படைச்சார்ங்கிறதையும் சொல்லுங்க, பிள்ளைங்க முடிவு பண்ணிக்கட்டும். கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் சாமி கும்பிடுறவ. வெள்ளிக்கிழமை விளக்கேத்தாம எனக்கு இருக்க முடியாது. தசாவதாரத்துல மச்சம், கூர்மம், வராகம்னு வரிசையா வர்றதைக் கேட்டு வளர்ந்தவதான், அந்தக் கதை மேல எனக்கு உயிர். ஆனா 2019-ல இந்திய அறிவியல் மாநாட்டு மேடையிலயே ஒரு துணைவேந்தர் தசாவதாரம் டார்வினைவிட மேலான கொள்கைன்னு பேசினப்போ எனக்கு ரெண்டு பக்கமும் வலிச்சது. பக்தியை மூணு மார்க் கேள்வியா ஆக்கினா பக்திக்கும் மரியாதை இல்ல, சயின்ஸுக்கும் மரியாதை இல்ல. என் வகுப்புல பெருமாள் பேர் வச்ச பையனும் இருக்கான், ஆதியாகமம் மனப்பாடமா சொல்ற பொண்ணும் இருக்கா, ஆதம் நபி கதை கேட்டு வளர்ந்த பிள்ளையும் இருக்கு. படைப்புன்னு ஒரு பாடம் எழுதினா யாரோட படைப்பை எழுதுவீங்க? எதை எழுதினாலும் மத்த ரெண்டு பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கும், அதை நான் என் வகுப்புல பார்க்க விரும்பல. பரிணாமம் அப்படி இல்ல, மூணு பேருக்கும் அதே எலும்புதான், அதே ஜீன்தான். நம்பிக்கை கெட்டுப்போயிடும்ங்கிற பயமும் தேவையில்ல, 1996-ல போப் இரண்டாம் ஜான் பாலே பரிணாமம் வெறும் அனுமானத்தைவிட மேலானதுன்னு சொல்லிட்டார்.

இந்த 'ரெண்டையும் சொல்லுங்க' வழியில அமெரிக்கா போய்ப் பார்த்துட்டு வந்த நாடு. 1925-ல டென்னசியில பரிணாமம் சொல்லிக்குடுத்ததுக்காக ஸ்கோப்ஸ்ங்கிற ஆசிரியர் மேல கேஸ் போட்டு 100 டாலர் அபராதம் விதிச்சாங்க. 2004-ல பென்சில்வேனியாவுல டோவர்ங்கிற ஊர்ல பள்ளி நிர்வாகக் குழு, டார்வின் பாடத்துக்கு முன்னாடி உயிர்களை ஏதோ ஒரு அறிவு திட்டமிட்டு உருவாக்கிச்சுன்னு சொல்ற 'அறிவார்ந்த வடிவமைப்பு'ன்னு இன்னொரு விளக்கமும் இருக்குன்னு வகுப்புல வாசிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. அங்க சயின்ஸ் டீச்சருங்க வாசிக்க மாட்டோம்னு மறுத்துட்டாங்க, கடைசியில நிர்வாகத்துல இருந்து ஆள் வந்து வாசிச்சாங்க. 11 பெற்றோர் கோர்ட்டுக்குப் போனாங்க. 2005 டிசம்பர்ல நீதிபதி ஜான் ஜோன்ஸ், இது சயின்ஸ் இல்ல, படைப்புவாதத்தோட இன்னொரு பேருன்னு தீர்ப்பு எழுதினார். அந்த டீச்சருங்களை நான் பார்த்ததில்ல, ஆனா அவங்களை நினைச்சா எனக்குத் தெம்பா இருக்கு. நம்ம நாட்டுல அப்படி எதையும் வாசிக்கச் சொல்லல, அது வரைக்கும் சந்தோஷம். ஆனா இங்க பாடமே இல்ல. தப்பா ஒண்ணைச் சொன்னா எதிர்த்து நிக்கலாம், இல்லாத பக்கத்தை வச்சுக்கிட்டு நான் எப்படி நிக்கிறது? "போர்ஷன்ல இல்லாததை ஏன் எடுக்கிறீங்க"ன்னு மேல இருந்து கேட்டா என்கிட்ட பதில் இல்ல. கேட்டாங்க. போன வருஷம் கேட்டாங்க.

இதுல இன்னொரு வேதனை, இதே தெருவுல ஸ்டேட் போர்டு படிக்கிற பிள்ளைக்கு இது இருக்கு. தமிழ்நாட்டு பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல உயிரின் தோற்றமும் பரிணாமமும்னு தனி அலகே இருக்கு. டியூஷன்ல பக்கத்துல உட்கார்ந்து படிக்கிற ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணுக்கு பல்லும் சிறகும் சேர்ந்தே இருந்த ஆதிப் பறவை ஆர்க்கியாப்டெரிக்ஸ் தெரியும், ஒண்ணுக்குத் தெரியாது. சுமைன்னா ரெண்டு பேருக்கும் சுமைதானே, அங்க பிள்ளைங்க படிச்சுத் தேறலையா?

சாட்சி எல்லாம் நம்ம காலடியிலயே கிடக்கு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தின மரம் எல்லாம் கல்லா மாறிக் கிடக்கு, வெட்டின மரம் மாதிரியே ரேகை தெரியும், தொட்டா சில்லுன்னு கல்லு. பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு டைனோசர் காலத்துக் கல்மரம். அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கத்துல சுருள் சுருளா அம்மோனைட்ங்கிற அழிஞ்சு போன கடல் உயிரியோட ஓடு, அந்த இடம் ஒரு காலத்துல கடல். ஒரு தடவை பிள்ளைங்களைத் திருவக்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன், ஒரு பையன் கல்மரத்து மேல கன்னத்தை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே இல்ல.

திமிங்கலக் கதை தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு. ரங்கா ராவ்ங்கிற நம்ம நாட்டு நிலவியலாளர் ஜம்மு காஷ்மீர்ல ரஜௌரி பக்கம் பொறுக்கிச் சேர்த்த கல்லுங்க, அவர் காலத்துக்கு அப்புறம் அவர் மனைவிகிட்ட இருந்து ஆராய்ச்சியாளர் தெவிசன் கைக்குப் போச்சு. சுத்தம் பண்ணும்போது ஒரு மண்டையோடு தவறுதலா உடைஞ்சுது, உள்ள இருந்த காது எலும்பு அப்படியே திமிங்கலத்தோடது மாதிரி. பூனை சைஸ் விலங்கு, நாலு குளம்புக்கால், 4.8 கோடி வருஷத்துக்கு முந்தினது. 2007-ல உலகத்துக்கே தெரிஞ்சுது, பேரு இண்டோஹையஸ், பேர்லயே இந்தியா இருக்கு. நிலத்துல நடந்த விலங்குல இருந்து திமிங்கலம் வந்த கதையில முக்கியமான ஒரு கண்ணி நம்ம மண்ணுல கிடைச்சிருக்கு, அதை நம்ம பத்தாம் வகுப்புப் புத்தகத்துல ஒரு வரிகூட எழுதலேன்னா எப்படிங்க மனசு வருது?

அதனால நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. புதுசா எழுதுற பத்தாவது புத்தகத்துல பரிணாமத்தைத் திருப்பி வையுங்க. ஆறு பீரியட் போதும், என்னால நாலுலயே முடிக்க முடியும். சுமைன்னு நிஜமாவே நினைச்சா அதுல இருந்து பரீட்சையில கேள்வியே கேக்காதீங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல, ஆனா பக்கம் இருக்கட்டும். வண்டுக்கதையை மாத்தாதீங்க, அதுல கைவைக்க ஒண்ணுமில்ல. அதோட திருவக்கரையையும் இண்டோஹையஸையும் சேருங்க, டி.பி. மருந்தைச் சேருங்க. டீச்சருங்களுக்கு ஒரு ரெண்டு நாள் பயிற்சி குடுங்க, ஏன்னா எங்கள்லயே நிறைய பேருக்கு குரங்குக் கேள்வி வந்தா கை நடுங்குது, பயத்துல பாடத்தை வீட்ல படிச்சுக்கோன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போனவங்களை எனக்குத் தெரியும். அறிவியல் மனப்பான்மையை வளர்க்கிறது ஒவ்வொரு குடிமகனோட கடமைன்னு 1976-ல இருந்து அரசியல் சட்டம் 51ஏ-ல எழுதியிருக்கு, அந்தக் கடமையைச் செய்ய எனக்கு வேண்டியது ஒரு பத்துப் பக்கம்.

பழைய புத்தகம் ஒண்ணு என் டிராயர்ல இருக்கு, அட்டை போயிடுச்சு, டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன். ஒவ்வொரு வருஷமும் போர்ஷன் முடிஞ்சதும் ஒரு சனிக்கிழமை, விருப்பம் இருக்கிறவங்க வரலாம்னு சொல்லி, அந்த வண்டுப் பக்கங்களை ஜெராக்ஸ் போட்டுக் குடுத்து எடுக்கிறேன். போன தடவை 31 பேர் வந்தாங்க. உங்க புதுப் புத்தகம் வந்ததும் முதல்ல ஒன்பதாவது பாடம் எதுன்னுதான் திருப்பிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு சயின்ஸ் டீச்சர் ஒருத்தி